ராயல் அஸ்ட்ரனாமிக்கல் சொசைட்டியில் ஃபெலோ ஆவது எப்படி: இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்போருக்கு ஒரு வழிகாட்டி

லண்டன் பிக்கடிலியில் பர்லிங்டன் ஹவுஸ் என்னும் கட்டடத்தில் இயங்கும் ராயல் அஸ்ட்ரனாமிக்கல் சொசைட்டி 1820-இல் தொடங்கப்பட்டது. இன்று அதில் 4,000-க்கும் மேற்பட்ட ஃபெலோக்கள், அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் பிரிட்டனுக்கு வெளியே வசிப்பவர்கள். தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிக்க முனைந்தபோது சங்கத்தின் விதிகள் எனக்குக் கடினமாக இருக்கவில்லை. விதிகளில் எழுதப்படாதவைதான் அலைக்கழித்தன: தலைப்பெழுத்தோடு மட்டும் வாழ்ந்துவந்த பெயரை அவர்களுடைய படிவத்தில் எப்படிப் பிரித்து எழுதுவது, முன்மொழியும்படி யாரை அணுகுவது, கணக்கில் பணமிருந்தும் பவுண்டில் செலுத்தும்போது அட்டை ஏன் மறுக்கப்படுகிறது என்பவை போன்றவை. அவற்றுக்கான விடைகளை ஒரே இடத்தில் வரிசைப்படுத்தித் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். சங்கத்தின் வரலாறு வேண்டுவோருக்கு அது வேறு இடங்களில் தாராளமாகக் கிடைக்கும்.

1. எந்தச் சங்கம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

நம் ஊர்ச் செய்தித்தாள்களிலும் பாராட்டு விழா அழைப்பிதழ்களிலும் மிகுதியாகக் காணப்படும் குழப்பம் இது. ராயல் சொசைட்டி வேறு, ராயல் அஸ்ட்ரனாமிக்கல் சொசைட்டி வேறு. இராமானுஜன் 1918-இல் பெற்றது முன்னதின் ஃபெலோஷிப். அதற்கு நாமாக விண்ணப்பிக்க இயலாது, அதன் ஃபெலோக்களே ஒருவரை முன்மொழிந்து, பல கட்டப் பரிசீலனைக்குப் பின் தேர்ந்தெடுப்பார்கள். இங்கே நாம் பேசுவது பின்னதைப் பற்றி. இதற்கு விருப்பமுள்ளவரே விண்ணப்பிக்கலாம். தேர்வானவர் தம் பெயருக்குப் பின்னால் எஃப்.ஆர்.ஏ.எஸ். என்று இட்டுக்கொள்ளலாம். இதே நான்கு எழுத்துகளை ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் ஃபெலோக்களும் பயன்படுத்துகிறார்கள் என்பதால், இணையத்தில் தேடும்போது கீழைத்தேய ஆய்வுச் சங்கத்தின் படிவத்தில் போய் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த ஃபெலோஷிப்பில் உதவித்தொகை கிடையாது. ஆண்டுதோறும் பணம் கட்டப்போகிறவர்கள் நாம்தான்.

2. உங்களுக்கு இது தேவையா என்று எண்ணிப் பாருங்கள்

18 வயது நிறைந்து, சங்கம் ஏற்கத்தக்கவர் என்று கருதும் எவரும் ஃபெலோ ஆகலாம். குறிப்பிட்ட பட்டம் எதுவும் கட்டாயமில்லை. பட்டமின்மை தடையல்ல என்பதற்கு நமக்குத் தொலைவில் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. சென்னை வானாய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பல்கலைக்கழகப் படிப்பின் வழியாக அன்றி, ஆண்டுக்கணக்கான நோக்கீட்டுப் பணியின் வழியாகவே 1872-இல் இச்சங்கத்தின் ஃபெலோ ஆனார். இருப்பினும் இன்றைய ஃபெலோக்களில் பெரும்பாலோர் தொழில்முறை ஆய்வாளர்கள் என்பதை மறக்க வேண்டாம். வானியல் மட்டுமின்றிப் புவி இயற்பியலும் சங்கத்தின் எல்லைக்குள் வருவதால், நில அதிர்வியல், புவிக் காந்தவியல் போன்ற துறைகளில் இருப்பவர்களும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். திருநெல்வேலியில் புவிக் காந்த ஆய்வு செய்யும் ஒருவருக்கு இது தமக்குரிய சங்கம்தான் என்பதே தெரியாமலிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

எந்த நன்மைக்காகச் சேருகிறீர்கள் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ‘அஸ்ட்ரானமி அண்ட் ஜியோபிசிக்ஸ்’ என்னும் இருமாத இதழ், நூலகம், கூட்டங்களில் பங்கேற்பு, ஆட்சிக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை ஆகியவை ஃபெலோவுக்கு உண்டு. இவற்றில் நூலகம் லண்டனில் இருப்பதால், இங்கிருந்துகொண்டு அதை நேரில் பயன்படுத்தும் வாய்ப்பு மிகக் குறைவு. சங்கத்தின் புகழ்பெற்ற ஆய்விதழான ‘மந்த்லி நோட்டீசஸ்’ 2024 முதல் எல்லோருக்கும் திறந்த அணுக்கத்தில் கிடைப்பதால், அதைப் படிப்பதற்காக மட்டும் யாரும் சேர வேண்டியதில்லை. ஃபெலோவாகிவிட்டால் அவ்விதழில் கட்டுரை எளிதில் ஏற்கப்படும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கட்டுரை மதிப்பாய்வுக்கும் உறுப்பினர் பட்டியலுக்கும் தொடர்பில்லை.

வானத்தை ரசிப்பவர், ஆனால் நோக்கீடு, ஆய்வு, கற்பித்தல், அறிவியல் பரப்புரை எதிலும் தொடர்ச்சியாக ஈடுபடாதவர் என்றால், சங்கத்தின் ‘ஃப்ரெண்ட்ஸ்’ பிரிவே உங்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. பெயருக்குப் பின்னால் எழுத்துகள் வாரா. மற்றபடி, ஆர்வலருக்கு வேண்டியது அதில் இருக்கிறது.

3. படிவத்தைத் திறப்பதற்கு முன் ஆவணங்களைத் திரட்டுங்கள்

பலர் படிவத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கி, பாதியில் விட்டுவிடுகிறார்கள். பின்வருவனவற்றை முன்கூட்டியே ஒரு கோப்புறையில் வைத்துக்கொண்டால் விண்ணப்பம் ஒரே அமர்வில் முடிந்துவிடும்.

தன்விவரக் குறிப்பு இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். வேலைக்கு அனுப்பும் குறிப்பையே இதற்கும் அனுப்பாதீர்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் தட்டச்சுச் சான்றிதழும் இங்கே யாருக்கும் தேவையில்லை. வானியலோடும் புவி இயற்பியலோடும் உங்களுக்குள்ள தொடர்பு முதல் அரைப்பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

ஆய்வாளராக இருந்தால் வெளியீட்டுப் பட்டியல் போதும். தொழில்முறை சாராதவராக இருந்தால்தான் சற்று உழைக்க வேண்டியிருக்கும், ஏனெனில் ‘பல ஆண்டுகளாக ஆர்வம் உண்டு’ என்பது சான்றாகாது. மாறொளிர் விண்மீன்களை நோக்கி, அதற்கான பன்னாட்டு அமைப்பான ஏ.ஏ.வி.எஸ்.ஓ.வுக்குப் பதிவுகள் அனுப்பியிருந்தால், உங்கள் நோக்குநர் குறியீட்டையும் பதிவுகளின் எண்ணிக்கையையும் குறிப்பிடுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளோடு சேர்ந்து பள்ளிகளில் வான்நோக்கு நிகழ்ச்சிகள் நடத்தியிருந்தால், ஆண்டு, ஊர், உங்கள் பங்கு ஆகியவற்றை ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். தமிழில் எழுதிய வானியல் கட்டுரைகளும் நூல்களும் கட்டாயம் சேர்க்கப்பட வேண்டியவை. தலைப்பை ஆங்கில எழுத்தில் தந்து, ஓரிரு வரியில் பொருளையும் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டால் படிப்பவர் புரிந்துகொள்வார். தமிழில் எழுதியவை என்பதாலேயே அவற்றை விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு, நீங்கள் இப்போது படிக்கிறீர்கள் என்பதற்கான போனஃபைடு சான்றிதழைத் துறைத்தலைவரிடமோ கல்லூரி அலுவலகத்திலோ ஆங்கிலத்தில் வாங்கி வையுங்கள். படிப்பு முடியும் மாதமும் ஆண்டும் அதில் இருக்கட்டும். கல்லூரி அடையாள அட்டையின் மங்கலான படத்தை அனுப்பினால் திரும்பக் கடிதம் வரும். ஃபெலோக்களைத் தேர்ந்தெடுக்கும் மாதக் கூட்டம் ஒன்று தவறிப்போகும்.

4. பெயரை எப்படி எழுதுவது என்று முடிவு செய்யுங்கள்

அற்பமாகத் தோன்றினாலும், தமிழர்கள் மிகுதியும் தடுமாறும் இடம் இதுவே. படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு கட்டங்களைக் கேட்கும். நம்மிடம் இருப்பதோ ஒரு பெயரும் ஒரு தலைப்பெழுத்தும். ஒற்றை எழுத்தைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இட்டால் சில மென்பொருள்கள் அதை ஏற்பதில்லை. ஏற்றாலும், பின்னர் வரும் கடிதங்கள் எல்லாம் ‘அன்புள்ள திரு. கே.’ என்று தொடங்கும்.

என் பரிந்துரை இது: கடவுச்சீட்டில் தலைப்பெழுத்து விரித்து எழுதப்பட்டிருந்தால் அதன்படியே எழுதுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால், தந்தையின் அல்லது தாயின் பெயரை முழுமையாக அந்தக் கட்டத்தில் எழுதலாம். ஆனால் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருப்பவர்கள், அக்கட்டுரைகளில் இருக்கும் வடிவத்துக்கே முதலிடம் தர வேண்டும். எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும், தன்விவரக் குறிப்பு, முன்மொழிபவரின் குறிப்பு, மாணவர் சான்றிதழ் ஆகிய அனைத்திலும் அதே வடிவம், அதே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும். விண்ணப்பதாரர்களின் பெயர்ப் பட்டியல் தேர்தலுக்கு முன் ஃபெலோக்களின் பார்வைக்காக வெளியிடப்படுகிறது. உங்களை நன்கறிந்த ஒருவர்கூட அந்தப் பட்டியலில் உங்களை அடையாளம் காண முடியாத நிலை ஏற்படக் கூடாது.

சங்கப் பதிவில் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றக் கேட்டு எழுதலாம்தான். ஆயினும் அதற்கான கடிதப் போக்குவரத்தைத் தவிர்ப்பது எவ்வளவோ மேல்.

5. முன்மொழிபவரைக் கண்டறியுங்கள்

விண்ணப்பத்துக்கு ஏற்கெனவே ஃபெலோவாக உள்ள ஒருவரின் ஆதரவு வேண்டும். அவர் உங்களையும் உங்கள் பணியையும் அறிந்தவராக இருக்க வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. ஆய்வு மாணவர்களுக்கு இது பெரும்பாலும் சிக்கலாகாது. வழிகாட்டியோ துறையில் வேறொரு பேராசிரியரோ ஃபெலோவாக இருக்கக்கூடும், கேட்டால் தெரிந்துவிடும். கொடைக்கானல், காவலூர் வானாய்வகங்களை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம், புணேயில் உள்ள வானியல் ஆய்வு மையமான ஐயூக்கா ஆகியவற்றின் பயிலரங்குகளிலும் கோடைகாலப் பள்ளிகளிலும் பங்கேற்றவர்கள், அங்கே தம்மோடு பணியாற்றிய ஆய்வாளர்களை அணுகலாம்.

தொழில்முறை சாராதவர்களுக்கு வேறொரு பாதை உண்டு. 1890-இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் அஸ்ட்ரனாமிக்கல் அசோசியேஷன் ஆர்வலர்களுக்கான அமைப்பு. அதில் இணைய யாருடைய முன்மொழிவும் வேண்டியதில்லை, அதன் உறுப்பினர்களில் பலர் ஃபெலோக்களாகவும் இருக்கிறார்கள். அதன் நோக்கீட்டுப் பிரிவுகளில் ஒன்றுக்கு ஓராண்டு ஒழுங்காகப் பதிவுகள் அனுப்பினால், உங்கள் பணியைத் தெரிந்த ஒருவர் தாமாகவே கிடைத்துவிடுவார். அவசரப்படுபவர்களுக்கு இது நீண்ட வழியாகத் தோன்றும். என் மதிப்பீட்டில் இதுவே மிகவும் நேர்மையான வழி.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. லிங்க்ட்இன்னில் பெயருக்குப் பின்னால் அந்த நான்கு எழுத்துகளை வைத்திருப்பவர்களைத் தேடியெடுத்து, முன்பின் அறிமுகமின்றி ‘எனக்குக் கையெழுத்திடுங்கள்’ என்று வரிசையாகச் செய்தி அனுப்புவது. பெரும்பாலோர் பதிலளிப்பதில்லை, பதிலளித்துக் கையெழுத்துக்குப் பணம் கேட்பவர் எவராயினும் அவரிடமிருந்து விலகிவிடுங்கள். இந்தியக் கல்வியாளர்களின் மின்னஞ்சலுக்கு ‘நீங்கள் ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள், பதிவுக் கட்டணம் செலுத்துக’ என்று பெயர் தெரியாத அமைப்புகளிடமிருந்து வரும் கடிதங்களையும் இதே கணக்கில் சேர்க்கலாம். சங்கத்தின் சொந்த இணையதளத்தின் வழியாக அன்றி வேறெந்த வகையிலும் பணம் செலுத்தாதீர்கள்.

தக்க ஃபெலோ எவரையும் அறியாதவர் மனம் தளர வேண்டாம். சங்கத்தின் உறுப்பினர் பிரிவு அலுவலகத்துக்குத் தன்விவரக் குறிப்போடு எழுதி, நிலைமையைச் சுருக்கமாக விளக்கி, எவ்வாறு விண்ணப்பிக்கலாம் என்று கேளுங்கள். பணிவான, குறுகிய, ஒரே ஒரு கேள்வி கொண்ட மின்னஞ்சல் போதும்.

ஒப்புக்கொண்ட முன்மொழிபவருக்கும் வேலையை எளிதாக்குங்கள். உங்கள் தன்விவரக் குறிப்பு, நீங்கள் தேர்ந்த பெயர் வடிவம், விண்ணப்பிக்கப்போகும் தேதி ஆகிய மூன்றையும் ஒரே கடிதத்தில் அனுப்புங்கள். சங்கத்திலிருந்து அவருக்கு உறுதிப்படுத்தல் கேட்டு மின்னஞ்சல் வந்தால் அது விளம்பரங்களோடு கலந்து காணாமற்போகலாம் என்பதால், ஒரு வாரம் கழித்து நினைவூட்டுவதில் தவறில்லை.

6. காலக்கணக்கைப் பார்த்து விண்ணப்பியுங்கள்

சங்கத்தின் மாதக் கூட்டங்கள் அக்டோபர் முதல் மே வரை, பொதுவாக மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமையில் நடைபெறும். இது நெடுநாள் வழக்கம்; சந்திரசேகர் தம் வெண்குறு விண்மீன் முடிவுகளை முன்வைத்து பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டனின் மறுப்பை எதிர்கொண்ட 11 ஜனவரி 1935-உம் ஓர் இரண்டாவது வெள்ளிக்கிழமைதான். விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்பட்டு, பெயர்கள் வெளியிடப்பட்ட பின், இத்தகைய கூட்டமொன்றில் தேர்தல் நடைபெறுகிறது.

இதனால் விளையும் நடைமுறை உண்மை ஒன்றுண்டு: இங்கே கல்வியாண்டு தொடங்கும் ஜூன் மாதத்தில் உற்சாகமாக விண்ணப்பித்தால், அக்டோபர் வரை காத்திருக்க நேரலாம். செப்டம்பரில் அனுப்புவது நல்லது. ஜனவரிக்குப் பிந்தினால் மே மாதக் கூட்டத்தையும் தவறவிடும் வாய்ப்பு கூடும். இடைப்பட்ட நாள்களில் ‘என் விண்ணப்பம் என்னவாயிற்று’ என்று வாரந்தோறும் எழுத வேண்டாம். கிறிஸ்துமஸை ஒட்டிய இரண்டு வாரங்களில் எந்த அலுவலகத்திலிருந்தும் பதிலை எதிர்பார்க்க வேண்டாம்.

தேர்தல் நாளன்று லண்டனில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. விசா, விமானச்சீட்டு என்று யாரேனும் அச்சுறுத்தினால் நம்பாதீர்கள்.

7. பவுண்டில் பணம் செலுத்துதல்

கட்டண விகிதம் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால், பழைய வலைப்பதிவுகளில் காணும் தொகையை நம்பாமல், விண்ணப்பிக்கும் நாளில் சங்கத்தின் பக்கத்திலுள்ள அட்டவணையைப் பாருங்கள். உங்களுக்குரிய பிரிவு எது, முதல் கட்டணம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரைக்கும் பொருந்தும், இதழ் அச்சுப்படியாக வருமா மின்படியாக வருமா என்ற மூன்றையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அட்டை. நம் அரசு வங்கிகள் வழங்கும் டெபிட் கார்டுகளில் பல ரூபே வகையைச் சேர்ந்தவை. பிரிட்டன் இணையதளங்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. யூபிஐ அங்கே செல்லாது. விசா அல்லது மாஸ்டர்கார்டு வகை அட்டை வேண்டும், அதிலும் பன்னாட்டுப் பரிவர்த்தனை வசதியை வங்கிச் செயலியில் நீங்களே இயக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு உத்தரவுக்குப் பின் புதிய அட்டைகளில் அது அணைக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது. இயக்கியதோடு நில்லாமல், வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனைக்கான உச்சவரம்பு கட்டணத் தொகையைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மறுக்கப்படும் அட்டைகளில் பாதி இந்த வரம்பினால்தான் மறுக்கப்படுகின்றன என்றே நான் ஐயுறுகிறேன், ஏனெனில் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி காரணத்தைச் சொல்வதில்லை.

செலவைக் கணக்கிடும்போது நாணய மாற்று விகிதத்தை மட்டும் பெருக்கிப் பார்த்து நிறைவடைய வேண்டாம். அட்டை வழங்கும் வங்கிகள் பொதுவாக 2 முதல் 3.5 விழுக்காடு வரை மார்க்-அப் கட்டணம் பிடிக்கின்றன. அக்கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. 3.5 விழுக்காடு பிடிக்கும் அட்டையில் 100 பவுண்டு செலுத்தினால், ஏறத்தாழ 4 பவுண்டு கூடுதலாகப் போகும். மார்க்-அப் இல்லாத அட்டை வீட்டில் யாரிடமாவது இருந்தால் அதைப் பயன்படுத்துவது சிக்கனம்.

அட்டையே இல்லாதவர்கள் வங்கிக் கிளை வழியாக அனுப்பலாம். பான் எண்ணும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ-2 படிவமும் வேண்டும். கிளையில் இத்தகைய சிறு தொகையை அனுப்பிப் பழக்கமில்லாதவர் அமர்ந்திருந்தால் பாதி நாள் போய்விடும் என்பதோடு, வங்கிக் கட்டணமும் தொகைக்குப் பொருந்தாத அளவுக்கு இருக்கும். இடைநிலை வங்கி வழியில் தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பினால், சங்கத்தின் கணக்கில் தொகை குறைந்து சேரும். நீங்கள் பாக்கிதாரர் ஆவீர்கள். ஆகவே, எல்லாக் கட்டணமும் அனுப்புநரையே சேரும் என்ற தெரிவைக் கேட்டு வாங்குங்கள். குறிப்புப் பகுதியில் உங்கள் பெயரும் விண்ணப்ப எண்ணும் இடம்பெறட்டும்.

வங்கிக் கணக்கிலிருந்து கட்டணம் தானாக எடுக்கப்படும் ‘டைரக்ட் டெபிட்’ என்ற தெரிவு பிரிட்டன் வங்கிக் கணக்கு உடையவர்களுக்கு மட்டுமே. அங்கே பணிபுரியும் தமிழர்களுக்கு அதுதான் வசதி. தொழிலுக்குத் தேவையான அங்கீகரிக்கப்பட்ட சங்கங்களின் சந்தாவுக்கு அந்நாட்டு வருமான வரியில் சலுகை கோர வழியிருப்பதையும் அவர்கள் கவனிக்கலாம்.

8. தேர்வான பின்

தேர்வுக் கடிதம் கிடைக்கும் வரை அந்த எழுத்துகளைப் பெயரோடு சேர்க்காதீர்கள். ‘விண்ணப்பித்துள்ளார்’ என்று அடைப்பில் போட்டுக்கொள்வதும் வேண்டாம். கிடைத்த பின்னரும், அது ஒரு கல்வித் தகுதியோ விருதோ அன்று என்பதை நினைவில் வைத்து, தன்விவரக் குறிப்பில் ‘சங்க உறுப்பியம்’ என்ற தலைப்பின் கீழ் எழுதுங்கள். விருதுகள் பட்டியலில் எழுதினால் துறை அறிந்தவர் புன்னகைப்பார்.

மாதக் கூட்டங்களை இணையத்தில் காணலாம். லண்டனில் மாலை 4 மணி என்பது குளிர்காலத்தில் நமக்கு இரவு 9.30, அங்கே கடிகாரத்தை முன்நகர்த்தியிருக்கும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர்க் கூட்டத்தின்போதும் இரவு 8.30. லண்டன் செல்லும் வாய்ப்பு அமைந்தால், பயணத்தை இரண்டாவது வெள்ளிக்கிழமை அடங்குமாறு திட்டமிடுங்கள். கிரீன் பார்க், பிக்கடிலி சர்க்கஸ் ஆகிய இரு சுரங்க ரயில் நிலையங்களிலிருந்தும் நடந்தே போகலாம்.

அச்சு இதழைத் தேர்ந்தவர்கள் முகவரியில் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் சேர்த்துத் தருவது நலம். வீடு மாறினால் உடனே தெரிவியுங்கள். இங்கே அஞ்சல் மெதுவாகத்தான் வரும், அதனால் இதழ் வரவில்லை என்பது தெரியவே சில மாதங்கள் ஆகிவிடும். மின்படி போதுமென்றால் இத்தொல்லை இல்லை.

புதுப்பித்தல் தானாக நடந்துவிடும் என்று இருந்துவிட வேண்டாம். 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, அட்டையிலிருந்து தொடர்ச்சியாகப் பணம் எடுக்க முன்கூட்டியே தனிப் பதிவு வேண்டும்; வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றுக்கு அது அமைவதில்லை என்பதால், சேமித்து வைத்த அட்டை புதுப்பித்தல் நாளில் ஓசையின்றி மறுக்கப்படும். நாள்காட்டியில் நீங்களே குறித்து வைத்து, ஒவ்வோர் ஆண்டும் கையால் செலுத்துங்கள். சங்கத்தின் இணையதளத்தில் உள்ள உங்கள் கணக்கை அலுவலக மின்னஞ்சலோடு இணைக்காமல் சொந்த மின்னஞ்சலோடு இணையுங்கள், ஏனெனில் வேலை மாறும்போது நினைவூட்டல்கள் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். மாணவர் சலுகை முடிந்து முழுக் கட்டணம் தொடங்கும் ஆண்டில்தான் பலர் விலகுகிறார்கள். அவ்வாறு விலக நினைத்தால், பணம் கட்டாமல் விட்டுவிடுவதற்குப் பதிலாக உறுப்பினர் பிரிவுக்கு ஒரு வரி எழுதித் தெரிவித்துவிட்டு, பெயர்ப்பலகையிலும் மின்னஞ்சலின் அடியிலும் உள்ள அந்த நான்கு எழுத்துகளை எடுத்துவிடுங்கள்.